சிக்கசா மொழியை மட்டுமே பேசிய கடைசி மூதாட்டியின் மறைவு: ஒரு கேள்வி

கொருக்குப்பேட்டை வாசகி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்குப் பள்ளியில் விண்வெளி வீரர்களைப் பற்றிக் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத் தேடியபோது, 2002-ஆம் ஆண்டு எண்டெவர் விண்கலத்தில் சென்ற ஜான் ஹெரிங்டனைப் பற்றிப் படித்தோம். அமெரிக்கப் பழங்குடி இனம் ஒன்றில் முறையாகப் பதிவுபெற்ற உறுப்பினர்களுள் விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதர் அவர். அவருடைய இனத்தின் பெயர் சிக்கசா. "அவர்கள் வீட்டில் என்ன மொழி பேசுவார்கள்?" என்று மகன் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. மேலும் தேடியதில், சிக்கசா மொழியை மட்டுமே அறிந்திருந்த கடைசி மனிதரான எமிலி ஜான்சன் டிக்கர்சன் என்ற மூதாட்டி 2013 டிசம்பர் 30 அன்று தம் 93-ஆவது வயதில் ஓக்லஹோமாவில் காலமானார் என்ற செய்தி கிடைத்தது.

அதைப் படித்துவிட்டு வேலையைத் தொடர முடியாமல் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். காரணத்தைச் சொல்கிறேன். என் அம்மாவைப் பெற்றவர், நாங்கள் அம்மம்மா என்று அழைத்தவர், சென்ற ஐப்பசியில் தவறிவிட்டார். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து திருமணமாகி இங்கு வந்தவர். கொருக்குப்பேட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பூ விற்றார். வாடிக்கையாளரிடம் தமிழில் விலை சொல்வார்; ஆனால் முழம் போடும்போது விரல் நுனியிலிருந்து முழங்கை வரை நாரை இழுத்து, ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு என்று தெலுங்கில்தான் வாய்க்குள் எண்ணுவார். வாசற்படியைத் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டால் தமிழில் பேசினால் பதிலே வராது. அதனால் எங்களுக்கும் தெலுங்கு வந்தது. அவர் போன பிறகுதான் கவனித்தேன்: அம்மாவும் நானும் எங்களை அறியாமலேயே தமிழுக்கு மாறிவிட்டோம். இருவருக்கும் தெலுங்கு தெரியும். ஆனால் பேசுவதற்குக் காரணமாக இருந்தவர் இல்லை. என் மகனுக்கு நான்கைந்து சொற்களுக்கு மேல் தெரியாது.

என் கேள்வி இதுதான். அந்த மூதாட்டிக்குப் பிறகும் சிக்கசா பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்றும், அவர்கள் ஆங்கிலமும் அறிந்தவர்கள் என்றும் அதே செய்தியில் இருந்தது. அப்படியானால், அந்த ஒருவரின் மறைவை மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறார்கள்? அந்த மொழி எப்படிப்பட்டது, எப்படி இந்த நிலைக்கு வந்தது, அதைக் காப்பாற்ற என்ன செய்கிறார்கள் என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் மகனுக்கும் சொல்வேன், எனக்கும் பயன்படும்.


பெரம்பூர் ஓய்வூதியர் எழுதியது:

அம்மா, உங்கள் அம்மம்மாவின் மறைவுக்கு என் இரங்கல். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் இலக்கணம் கற்பித்தவன் என்ற முறையில் பிற மொழிகளின் இலக்கணங்களையும் விருப்பத்தோடு படித்து வருகிறேன். அந்த வகையில் சிக்கசாவைப் பற்றி அறிந்ததை எழுதுகிறேன்.

முதலில், அந்த மக்கள் இருந்த இடமும் இப்போது இருக்கும் இடமும் வேறு வேறு என்பதை மகனுக்குச் சொல்லுங்கள். இன்று சிக்கசா பழங்குடி அரசு ஓக்லஹோமா மாநிலத்தில் ஏடா என்னும் நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கிறது. அவர்களுடைய பழைய நாடு அங்கிருந்து வெகு தொலைவில் கிழக்கே, இன்றைய மிசிசிப்பி மாநிலத்தின் வடபகுதியில் டுபிலோ நகரைச் சுற்றியும் அதை ஒட்டிய அலபாமா, டென்னசி பகுதிகளிலும் இருந்தது. 1540-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் எர்னாந்தோ தெ சோட்டோவின் ஸ்பானியப் படை அவர்கள் நாட்டில் வந்து தங்கியது; அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் சிக்கசாக்கள் அந்தப் படையை இரவில் தாக்கிப் பெருஞ்சேதம் விளைவித்தார்கள். அப்படி நின்ற மக்களை முந்நூறு ஆண்டுகள் கழித்து ஒரு சட்டம் பெயர்த்தது. 1830-இல் பழங்குடியினரை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. 1832-இல் பாண்டடாக் ஓடையில் ஓர் ஒப்பந்தம், 1837-இல் டோக்ஸ்வில்லில் இன்னோர் ஒப்பந்தம். அந்த 1837-ஆம் ஆண்டிலேயே மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டுப் புறப்பட்டார்கள். போன இடத்திலும் உடனே தனி நாடாக நிற்க முடியாமல், தங்கள் உறவினமான சாக்டா மக்களின் எல்லைக்குள் அடங்கியிருந்து, 1856-இல்தான் டிஷமிங்கோவைத் தலைநகராகக் கொண்டு தமக்கென அரசமைப்பை எழுதிக்கொண்டார்கள்.

இந்தச் சாக்டா உறவு மொழியின் கதையில் மிக முக்கியமானது. இரண்டும் மஸ்கோஜியக் குடும்பத்தின் மேற்குக் கிளையைச் சேர்ந்தவை. ஒன்றில் பேசினால் மற்றொன்று ஓரளவு புரியும் அளவுக்கு நெருக்கமானவை. அண்ணன் தம்பி இருவர் மேற்கிலிருந்து மக்களை நடத்தி வந்தார்கள் என்று அவர்களின் தொன்மக் கதை சொல்கிறது. இரவு தங்கும் இடத்தில் ஒரு கோலை நட்டுவைப்பார்களாம். காலையில் அந்தக் கோல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் நடப்பார்கள். காவலுக்கு ஒரு பெரிய வெள்ளை நாய் உடன் வந்தது. ஓரிடத்தில் கோல் நிமிர்ந்து நின்றுவிட்டதா, இன்னும் சாய்ந்திருக்கிறதா என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபட்டது. அங்கேயே தங்கியவன் வழியினர் சாக்டா, மேலும் நடந்தவன் வழியினர் சிக்கசா. வானில் நாம் பால்வீதி என்று சொல்வதைச் சிக்கசா மக்கள் 'வெள்ளை நாயின் பாதை' என்று அழைக்கிறார்கள். விண்வெளிக் கட்டுரை எழுதும் உங்கள் மகனுக்கு இது பிடிக்கும்.

ஆனால் உடன்பிறந்த மொழி ஒன்று அருகிலேயே இருந்ததில் ஓர் இழப்பும் நேர்ந்தது. கிறித்தவ மதபோதகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுத்தும் விவிலியமும் பாட்டுப் புத்தகமும் உருவாக்கியது சாக்டாவில். சிக்கசாக்களின் தேவாலயங்களிலும் அவையே பயன்பட்டன. பேசுவது சிக்கசா, படிப்பதும் பாடுவதும் சாக்டா என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. சிக்கசாவுக்கென்று ஓர் அகராதி 1973-இல்தான் அச்சானது. அதைத் தொகுத்தவர்கள் ஜெஸ் ஹ்யூம்ஸ் என்ற பாதிரியாரும் அவர் மனைவி வின்னி மே ஹ்யூம்ஸும். அந்த அம்மையார் அப்போதைய சிக்கசா ஆளுநர் ஓவர்டன் ஜேம்ஸின் தாயார். பின்னர் 1977-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பமேலா மன்ரோ என்ற மொழியியல் பேராசிரியரும், அந்நகரில் வாழ்ந்த சிக்கசா தாய்மொழியாளரான கேத்தரின் வில்மண்டும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். ஒருவர் கேட்க, மற்றவர் சொல்ல, பதினேழு ஆண்டுகள் உழைத்து 1994-இல் விரிவான பகுப்பாய்வு அகராதி ஒன்றை வெளியிட்டார்கள். சொந்த ஊரிலிருந்து அவ்வளவு தள்ளி ஒரு பெருநகரத்து அறையில் ஒரு மொழி ஏட்டில் ஏறியது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

இனி மொழியின் அமைப்புக்கு வருகிறேன். ஒரு சிக்கசா வாக்கியத்தைத் தமிழெழுத்தில் இயன்ற அளவு தருகிறேன்: "ஒஃபியாத் கொவியா லியொலி." நாய் பூனையைத் துரத்துகிறது என்பது பொருள். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று நம் வரிசையிலேயே நிற்கிறது. 'ஒஃபி' என்றால் நாய்; அதன் பின்னால் வரும் 'ஆத்' எழுவாயைக் காட்டும் உருபு. 'கொவி' பூனை, அதன் பின் மூக்கொலியோடு இழையும் 'ஆ' நம் ஐகார வேற்றுமையின் வேலையைச் செய்கிறது. தமிழில் எழுவாய்க்கு உருபு கிடையாது; அவர்கள் அதற்கும் ஒன்றை வைத்திருக்கிறார்கள். கடைசிச் சொல்லில் நான் 'ல' என்று எழுதிய இரண்டு ஒலிகளில் முதலாவது நம்மிடம் இல்லாதது. நாக்கை லகரத்துக்கு வைக்கும் இடத்தில் வைத்து, குரல் எழுப்பாமல் இருபக்கமும் காற்றை மட்டும் விட வேண்டும். உயிரொலிகள் அ, இ, ஒ என்று மூன்றே. அந்த மூன்றும் குறிலாகவும் நெடிலாகவும் மூக்கொலியாகவும் வந்து ஒன்பது ஆகின்றன.

நான் மிகவும் நேசிக்கும் பகுதி வினைச்சொல். 'சொக்மா' என்றால் நன்மை, நலம் என்ற பொருளுள்ள சொல். சகரத்தைப் 'பச்சை' என்பதில் வருவது போல ஒலிக்க வேண்டும். 'சொக்மாலி' என்றால் நான் நல்லபடி நடந்துகொள்கிறேன். 'சசொக்மா' என்றால் நான் நல்லவன். 'அன்சொக்மா' என்றால் எனக்கு நன்றாக இருக்கிறது. தானே முனைந்து செய்வது, தன் இயல்பாக இருப்பது, தனக்குள் உணர்வது ஆகிய மூன்றுக்கும் 'நான்' என்பதைக் குறிக்கும் ஒட்டு வேறுபடுகிறது. நாம் 'நான் ஓடுகிறேன்' என்று சொல்லிவிட்டு, பசி வந்தால் 'நான் பசிக்கிறேன்' என்று சொல்லாமல் 'எனக்குப் பசிக்கிறது' என்கிறோமே, அந்தப் பாகுபாட்டை அவர்கள் இன்னும் ஒரு படி நுட்பமாக்கி வினைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். ஆகவே சிக்கசாவில் நலம் விசாரிக்கும் "சின்சொக்மா?" என்ற கேள்வி, உனக்கு நன்றாக இருக்கிறதா என்று உள்ளுணர்வைக் கேட்பது, நீ நல்லவனா என்று கேட்பது அன்று.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இரண்டு செயல்களை அடுத்தடுத்துச் சொல்லும்போது, இரண்டையும் செய்தவர் ஒருவரே என்றால் முதல் வினையோடு 'சா' என்ற ஒட்டும், செய்தவர் வேறு வேறு என்றால் 'னா' என்ற ஒட்டும் சேரும். 'செய்து' என்னும் வினையெச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடிய வேண்டும் என்று தொல்காப்பியம் விதித்திருப்பதை வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். 'அவன் வந்து அமர்ந்தான்' என்றால் வந்தவனும் அமர்ந்தவனும் ஒருவனே. உலகத்தின் மறுபக்கத்தில் ஒரு மொழி இதே கவலையை இன்னும் கண்டிப்பாகக் கவனித்து வந்திருக்கிறது. ஒற்றுமையைப் பார்த்ததும் இரு மொழிகளுக்கும் இரத்த உறவு உண்டு என்று யாரும் இங்கே எழுதிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். உறவு கிடையாது. மனிதர்கள் பேச்சை ஒழுங்கு செய்யும் வழிகள் சில இடங்களில் தாமாகவே ஒத்துப்போகின்றன, அவ்வளவே.


காசிமேட்டுக்காரன் எழுதியது:

அக்கா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஐயா எழுதியதையும் இரண்டு முறை படித்தேன். இருந்தாலும் இரண்டு நிலைகளும் ஒன்று போல் ஆகிவிடக் கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் தெலுங்கு நின்றுபோனாலும் தெலுங்கு நிற்கவில்லை. கொருக்குப்பேட்டையில் சூலூர்ப்பேட்டை மின்சார ரயிலில் ஏறினால், இறங்கும் இடத்தில் டீக்கடை முதல் பெட்டிக்கடை வரை ஊரே தெலுங்கில் பேசிக்கொண்டிருக்கும். உங்கள் மகன் இருபது வயதில் ஆசைப்பட்டாலும் போய்க் கற்றுக்கொள்ளலாம். சிக்கசா மக்களுக்கு அப்படி ஏறிப்போக ஒரு ரயில் இல்லை. பழைய நாட்டில் இப்போது அந்த மொழி பேசும் ஊர் இல்லை. புதிய நாட்டிலும் தெருவும் கடையும் பள்ளியும் ஆங்கிலம். வீட்டுக்குள் நின்றால் உலகத்திலேயே நின்றுவிடும்.

எங்கள் தாத்தா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். வாடை, கொண்டல் என்று காற்றின் பெயரைச் சொன்னால், அதோடு எந்தப் பக்கம் வலை விட வேண்டும், எந்த மீன் வரும், நாளைக்குக் கடலுக்குப் போகலாமா என்பது எல்லாம் சேர்ந்தே வரும். நான் மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுக் கணக்கு எழுதுகிறேன். எனக்கும் அந்தப் பெயர்கள் தெரியும். ஆனால் என் கைப்பேசி திசையையும் வேகத்தையும் எண்ணில் காட்டிவிடுவதால் அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொல்ல வேண்டிய தேவை வருவதில்லை. தெரிந்திருப்பதும் பேசுவதும் வேறு என்று நீங்கள் எழுதியதை இந்த இடத்தில்தான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன்.


திருவொற்றியூர் மொழியியல் மாணவி எழுதியது:

அக்கா கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் நேரான பதில் வரவில்லை என்பதால் எழுதுகிறேன். முதுகலையில் அழிவின் விளிம்பிலுள்ள மொழிகளைப் பற்றிய தாளுக்காக நான் எடுத்துக்கொண்ட மொழிகளுள் சிக்கசாவும் ஒன்று.

டிக்கர்சன் அம்மையார் கடைசிப் பேச்சாளர் அல்லர் என்று நீங்கள் சரியாகவே படித்திருக்கிறீர்கள். பல செய்திகள் இதைக் குழப்பிவிடுகின்றன. அவர் மறைந்தபோது சரளமாகப் பேசக்கூடியவர்கள் வேறு சிலர் இருந்தார்கள். பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட இனத்தில் அவர்களின் எண்ணிக்கை நூறைத் தொடவில்லை. அவர்களும் பெரும்பாலும் முதியவர்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆங்கிலம் தெரியும். இரு மொழியும் தெரிந்த இருவர் சந்தித்தால் எதில் பேசுவது என்பது அவர்கள் விருப்பம். சிக்கசா மட்டுமே தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்தால் விருப்பத்துக்கு இடமில்லை. பேத்தி தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதானாலும், மருத்துவர் சொன்னதை விளக்குவதானாலும், சண்டை போடுவதானாலும் சிக்கசாவில்தான் செய்தாக வேண்டும். அந்தக் கட்டாயத்தை வைத்திருந்த கடைசி மனிதர் அவர். 2013 டிசம்பர் 30-க்குப் பிறகு சிக்கசாவில் பேசப்படும் ஒவ்வொரு வாக்கியமும் ஆங்கிலத்திலும் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம். உங்கள் அம்மம்மா வீட்டுக்குள் தமிழுக்குப் பதில் சொல்லாமல் இருந்தது பிடிவாதம் போலத் தோன்றியிருக்கலாம். கடையில் தமிழில் விலை சொன்னவர் அவர். வாசலுக்கு உள்ளே அந்தக் கட்டாயத்தை அவரே உண்டாக்கி, தம் காலம் முழுவதும் காத்து வந்திருக்கிறார்.

எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதில், ஐயா எழுதிய இடப்பெயர்வோடு மொழி உடனே அழிந்துவிடவில்லை என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். புதிய நாட்டிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் குழந்தைகள் சிக்கசாவில் வளர்ந்தார்கள். டிக்கர்சன் அம்மையாரே புதிய நாட்டில், 1920 வாக்கில் பிறந்தவர். 1898-இல் வந்த கர்டிஸ் சட்டம் பழங்குடி அரசுகளின் அதிகாரத்தைப் பறித்துப் பொது நிலத்தைத் தனித்தனிப் பங்குகளாகப் பிரிக்க வழிசெய்தது. 1907-இல் ஓக்லஹோமா மாநிலமானபோது குடியேறியவர்களே எண்ணிக்கையில் பெரும்பான்மையாக இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆங்கிலம் பேசுபவரானார். அமெரிக்கா முழுவதும் பழங்குடிப் பிள்ளைகளைச் சேர்த்த உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழியில் பேசினால் தண்டனை கிடைத்தது. அந்த வலியை அனுபவித்த பெற்றோர் பலர், தம் பிள்ளைக்கு அது வரக் கூடாது என்ற அன்பினால், வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். என் அம்மா படித்த பள்ளியில் வீட்டு மொழியைப் பேசியதற்காக மாணவிகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பார்களாம். அதைச் சொல்லும்போது இந்த வயதிலும் அவர் குரல் தாழ்ந்துவிடுகிறது. ஆகவே அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

இப்போது செய்வதைப் பற்றி. சிக்கசா அரசு 2007-இல் மொழிக்கென்று தனித் துறையைத் தொடங்கியது. அதை வழிநடத்திய ஜாஷுவா ஹின்சன் சிறுவயதில் அந்த மொழியைக் கேட்டு வளர்ந்தவர் அல்லர். 2000-இல் தமக்கு மகன் பிறந்தபோது, இவனுக்குக் கொடுக்கத் தம்மிடம் தம் மக்களின் சொத்து எதுவும் இல்லையே என்று உணர்ந்து கற்கத் தொடங்கினார். 2009-இல் கைப்பேசிச் செயலி வந்தது; பின்னர் மொழி கற்பிக்கும் ரொசெட்டா ஸ்டோன் நிறுவனம் வழியாகக் காணொளிப் பாடங்கள் வந்தன. சிறுவர் மன்றம் இருக்கிறது, வகுப்புகள் இருக்கின்றன. இவை எல்லாம் பயனுள்ளவையே. ஆனால் செயலியால் சொற்களைச் சேர்க்க முடியும், பேசுபவரை உருவாக்க முடியாது என்பது என் கருத்து. நான் அதிகம் மதிப்பது அவர்கள் எடுத்துக்கொண்ட குரு சீட முறையை. 1990-களில் கலிஃபோர்னியாவின் சிறு பழங்குடி மொழிகளுக்காக உருவான முறை அது. தாய்மொழியாகப் பேசும் முதியவர் ஒருவர், கற்க விரும்பும் இளையவர் ஒருவர். இருவரும் வாரத்தில் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் சேர்ந்திருக்க வேண்டும். பாடப் புத்தகம் தேவையில்லை. சமைக்கலாம், துணி மடிக்கலாம், கடைக்குப் போகலாம், காரில் சுற்றலாம். ஒரே விதி, அந்த நேரத்தில் ஆங்கிலம் வாயில் வரக் கூடாது. புரியாவிட்டால் சைகை செய்ய வேண்டும், பொருளை எடுத்துக் காட்ட வேண்டும்.

கவனித்துப் பார்த்தால், டிக்கர்சன் அம்மையாரோடு மறைந்த கட்டாயத்தை அந்த இருவரும் மனம் ஒப்பி மீண்டும் அமைக்கிறார்கள். முதியவருக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். தெரியாதவர் போல அந்தச் சில மணி நேரம் இருந்து கொடுக்கிறார். வளர்ந்தவர்கள் இதைச் செய்வது எளிதன்று. பட்டம் பெற்ற மனிதர் மூன்று வயதுக் குழந்தையைப் போல உப்பைக் காட்டிப் பெயர் கேட்க வேண்டும்; சொன்னதைத் தப்பாகச் சொல்லித் திருத்தம் பெற வேண்டும்; அடுத்த வாரமும் வர வேண்டும்.


கொருக்குப்பேட்டை வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா எழுதிய வாக்கியத்தை மகன் மனப்பாடம் செய்துவிட்டான். அந்த விசித்திரமான லகரத்தைச் சொல்லிப் பார்ப்பதில் இரண்டு நாட்கள் போயின. வெள்ளை நாயின் பாதையைக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் சேர்த்திருக்கிறான். தம்பி சொன்ன ரயிலைப் பற்றியும் யோசித்தேன். அதில் எத்தனையோ முறை போயிருக்கிறேன், இப்படி நினைத்ததில்லை.

மாணவிக்கு ஒரு கேள்வி. என் அம்மாவுக்கு அறுபத்து நான்கு வயது; தெலுங்கு நன்றாகப் பேசுவார். அவரும் என் மகனும் பள்ளி விட்டு வந்த பிறகு மாலை முழுவதும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். நீங்கள் சொன்ன முறையை வீட்டில் செய்ய நினைக்கிறேன். சென்ற ஞாயிறு முயன்றும் பார்த்தோம். பத்து நிமிடத்தில் அவனுக்கு ஒரு சொல் தெரியாமல் போனது, தமிழில் கேட்டான், அம்மா தமிழில் பதில் சொன்னார், அதற்குப் பிறகு தமிழிலேயே போய்விட்டது. ஓக்லஹோமாவில் இந்த இடத்தை எப்படிக் கடக்கிறார்கள்?


திருவொற்றியூர் மொழியியல் மாணவி எழுதியது:

எல்லோரும் வழுக்கும் இடம் அதுதான், அக்கா. அதனால் அந்த முறையில் முதலில் கற்பது வணக்கமோ எண்களோ அல்ல. 'இது என்ன?', 'இதை எப்படிச் சொல்வது?', 'மறுபடி சொல்லுங்கள்', 'எனக்குப் புரியவில்லை' ஆகிய நான்கைந்து வாக்கியங்களைக் கற்கும் மொழியிலேயே முதல் நாளில் வாயில் ஏற்றிவிடுகிறார்கள். சொல் தெரியாதபோது மொழியை விட்டு வெளியே போகாமல், அதே மொழியிலேயே கேட்டு வாங்குவதற்கான கைப்பிடி அது. உங்கள் மகனுக்கு 'இதேமிட்டி', 'மள்ளீ செப்பு' என்ற இரண்டை முதலில் கொடுங்கள். ஒரு தாளில் தமிழெழுத்தில் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுங்கள். அம்மாவிடமும் சொல்லிவையுங்கள்: அவன் தமிழில் கேட்டால் கோபிக்க வேண்டாம், காது கேளாதவர் போல இருந்தால் போதும். தொடக்கத்தில் நாள் முழுவதும் வேண்டாம். ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், காய் நறுக்குவது போல.


பெரம்பூர் ஓய்வூதியர் எழுதியது:

மாணவி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உங்கள் அம்மா பேசுவது கொருக்குப்பேட்டைத் தெலுங்காக இருக்கும். நெல்லூர்ச் சொல்லும் வடசென்னைத் தமிழும் அதில் கலந்திருக்கும். புத்தகத் தெலுங்கை வைத்து அதைத் திருத்த வேண்டாம். மன்ரோ அம்மையார் வில்மண்ட் அம்மையாரின் பேச்சை உள்ளபடியே எழுதினார் என்பதால்தான் அந்த அகராதிக்கு மதிப்பு. முடிந்தால் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். எந்தத் தேதியில் பதிந்தது என்பதையும் குறித்துவையுங்கள்.


கொருக்குப்பேட்டை வாசகி எழுதியது:

தாளை ஒட்டிவிட்டேன். காய் நறுக்கும் வேலையையே எடுத்துக்கொண்டோம். நேற்று மாலை மகன் தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையைத் தொட்டு "இதேமிட்டி?" என்று கேட்டான். அம்மா கத்தரிக்காயை அப்படியே பிடித்துக்கொண்டு சற்று நேரம் யோசித்துவிட்டு, "கத்திப்பீட்ட" என்றார். "மள்ளீ செப்பு" என்றான். அவர் மறுபடி சொன்னார். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சொல் மறந்தே போயிருந்தது. கதவருகில் வந்து நின்று நானும் ஒரு முறை சொல்லிப் பார்த்தேன்.